பழுப்பு ஏறக் கூடாத இடம்

கொல்கத்தாவுக்கு நான் திட்டு வாங்கப் போனேன். மற்றவர்கள் அந்த ஊருக்குப் பாலம் பார்க்கவும் பூஜை பார்க்கவும் போவார்கள். என் தோளில் ஓர் ஐஸ் பெட்டி தொங்கியது. அதற்குள் சுண்டுவிரல் நுனி அளவில் சில சிமிழ்கள். ஒவ்வொன்றிலும் ஒரு துளிக்குச் சற்று அதிகமாக, பார்ப்பதற்குத் தண்ணீர் போலவே இருக்கும் எங்கள் சரக்கு.

சரக்கு என்றால் ஆன்டிபாடி. கிருமியை அடையாளம் கண்டு பிடித்துக்கொள்வதற்காக உடம்பு உண்டாக்குகிற புரதம். ஆராய்ச்சியாளர்கள் அதற்கு வேறு வேலை கொடுக்கிறார்கள். ஆயிரக்கணக்கான புரதங்கள் கலந்து கிடக்கும் திசுவில், தனக்குரிய ஒன்றை மட்டும் அது தேடிப்போய் ஒட்டிக்கொள்ள வேண்டும். ஒட்டிய இடத்தில் பழுப்பு நிறம் வரும்படி செய்துவிட்டால், மைக்ரோஸ்கோப்பில் பார்க்கிறவருக்கு அந்தப் புரதம் இருக்கும் இடம் தெரிந்துவிடும். ஆனால் வழியில் தென்படுகிற வேறு புரதத்தையும் அது பிடித்துக்கொண்டால், நிறம் பொய் சொல்லும். அந்தப் பொய்யை நம்பிக் கட்டுரை எழுதுவார்கள், கட்டுரையை நம்பி மருந்து தேடுவார்கள்.

கோவையில் இதைத் தயாரிக்கிற ஒரு சின்ன நிறுவனத்தில் தரப் பரிசோதனை என் பொறுப்பு. பழைய முறையில் விலங்குகளின் ரத்தத்திலிருந்து எடுப்பார்கள். விலங்கு மாறினால் சரக்கும் மாறும். நாங்கள் ஆன்டிபாடிக்கான மரபணுவை ஒருமுறை படித்து வைத்துக்கொண்டு, அதைச் செல்களுக்குள் செலுத்தி வளர்த்துத் தயாரிக்கிறோம். எப்போது வாங்கினாலும் அச்சு மாறாது. எங்களுக்கு அதில் பெருமை அதிகம். அந்தப் பெருமையில் கல் எறிந்தவர் ஜாதவ்பூரில் ஓர் ஆய்வகத்தை நடத்தும் பாரமிதா. "உங்கள் ஆன்டிபாடி கண்ணில் பட்டதற்கெல்லாம் வண்ணம் அடிக்கிறது. நேரில் வந்து பாருங்கள்" என்று எழுதியிருந்தார்.

"போய்ப் பாத்துட்டு வந்துருங்க நித்யா," என்றார் எங்கள் முதலாளி முரளி சார். "அவங்கதான் ஏதாவது மாத்திச் செஞ்சிருப்பாங்க. பொறுமையா எடுத்துச் சொல்லுங்க, புரிஞ்சுக்குவாங்க."

நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டு கிளம்பினேன்.

விமானம் கொல்கத்தாவுக்கு மேலே வட்டமடித்தே அரைத் தூக்கம் போட வைத்தது. கீழே மழை. கோவை மழை வந்தால் ஒரு காற்று முன்னால் ஓடிவந்து சொல்லும்; இங்கே வானமும் ஊரும் ஏற்கெனவே பேசி முடித்துவிட்டதுபோல நின்று பெய்தது. மஞ்சள் டாக்ஸிக்காரர் ஜன்னலை ஏற்றச் சொன்னார். ஏற்றும் பிடி அவர் கையில்தான் இருந்தது. தன் ஜன்னலை ஏற்றிவிட்டு, அதைக் கழற்றிப் பின்னால் நீட்டினார். நான் ஒரு பக்கத்தை ஏற்றி முடிப்பதற்குள் மறு பக்கம் முழுக்க நனைந்திருந்தது. ஐஸ் பெட்டியை மடியில் குழந்தை மாதிரி வைத்துக்கொண்டு லேக் கார்டன்ஸ் போய்ச் சேர்ந்தேன்.

அங்கே ஜெயந்தி அக்கா இருக்கிறாள், என் பெரியம்மா மகள். பெரியப்பா ஒரு கம்பெனி வேலைக்காக இங்கே வந்தவர். அக்கா பிறந்தது, படித்தது, அலிப்பூரில் அரசு அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தது எல்லாம் இந்த ஊரில்தான். அத்தானுக்குத் துர்காபூர் ஸ்டீல் பிளான்ட்டில் வேலை, வார இறுதியில்தான் வருவார். வீட்டில் அக்காவும், கல்லூரிக்குப் போகும் மகள் தியாவும்.

"நித்யா மாஷி, பெட்டியில ஐஸ்கிரீமா?" என்றாள் தியா. சித்தி என்ற சொல் அவள் வாயில் வராது.

"சித்தின்னு கூப்பிடுடி," என்றாள் அக்கா.

"மாஷியும் அதேதானே மா!"

ஃப்ரிட்ஜில் ஒரு தட்டு எனக்காகக் காலியானது. மண்சட்டித் தயிர் இனிப்புக்கும் இட்லி மாவுக்கும் நடுவில் எங்கள் சிமிழ்கள் உட்கார்ந்தன. ஐஸ் பைகள் உறைவதற்காக மேல்தட்டுக்குப் போயின. இரவுச் சாப்பாட்டில் வத்தக்குழம்பும், கசகசா அரைத்துவிட்ட உருளைக்கிழங்கும் பக்கத்துப் பக்கத்தில் வந்தன. அதைப் போஸ்தோ என்கிறார்கள். வத்தக்குழம்பின் காரத்தை அது எவ்வளவு நாசூக்காக அடக்கியது என்பதை நான் கோவைக்குத் திரும்பி எத்தனை பேரிடம் சொல்லியும் யாரும் நம்பவில்லை.

மறுநாள் காலையில் பார்த்தால், மழையில் கரண்ட் போய் ஐஸ் பைகள் உறையவே இல்லை. தொட்டால் கொழகொழ என்று அமுங்கின. தியாவுக்கும் ஜாதவ்பூரில்தான் கல்லூரி. "வழியில பாத்துக்கலாம், வாங்க," என்று என்னை ஷேர் ஆட்டோவில் ஏற்றினாள். பின்னால் மூன்று பேர், டிரைவருக்குப் பக்கத்தில் ஒருவர். அன்வர் ஷா ரோட்டில் தண்ணீர் சக்கரத்தின் பாதிக்கு நின்றது. ஆட்டோ இருமியது, பிறகு நின்றேவிட்டது. டிரைவர் திரும்பிப் பார்த்து வங்க மொழியில் ஏதோ சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள்.

"என்ன சொல்றாரு?"

"இதுக்கு மேல இது படகு, எனக்கு ஆட்டோ லைசென்ஸ்தான் இருக்குன்னு சொல்றாரு."

இறங்கி நடந்தோம். சுரிதாரை முழங்காலுக்கு மேல் சுருட்டிக்கொண்டு, பெட்டியைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு. எங்களுக்கு முன்னால் ஆபீஸ் சட்டை போட்ட ஒருவர், ஷூவைக் கையில் பிடித்தபடி, செல்போனில் முந்தைய நாள் கால்பந்து ஆட்டத்தைப் பற்றி உரக்கச் சண்டை போட்டுக்கொண்டே நடந்தார். தண்ணீரை அவர் கவனித்த மாதிரியே தெரியவில்லை.

மேடான இடம் வந்ததும் தெருவோரத்தில் மீன் கடைகள். அரிவாள்மனையைக் காலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு ஓர் அம்மாள் பெரிய மீனொன்றை நறுக்கிக்கொண்டிருந்தார். பக்கத்தில் மரப்பெட்டி நிறைய ஐஸ். தியா குனிந்து பேசினாள். அந்த அம்மாள் என் பெட்டியைப் பார்த்தார், என் முழங்காலைப் பார்த்தார், கேள்வி கேட்டார்.

"உள்ள என்னன்னு கேக்கறாங்க. ஆன்டிபாடிக்கு பெங்காலில என்னன்னு எனக்குத் தெரியல. மருந்துன்னு சொல்லிட்டேன்."

மருந்து என்றதும் அவர் மீன் மேலிருந்த ஐஸை ஒதுக்கிவிட்டு, அடியில் சாக்கு மூடியிருந்த கட்டியை உடைத்து, கையைக் கழுவிக்கொண்டு, பெட்டி கொள்ளும் வரை அள்ளிப் போட்டார். "யாருக்கு உடம்பு சரியில்லை?" என்று கேட்டாராம். தியா ஒரு நொடி யோசித்துவிட்டு, "நிறையப் பேருக்கு" என்று சொல்லியிருக்கிறாள்.

ஆய்வகத்தில் பாரமிதா எதிர்கொண்டார். ஐம்பது வயதிருக்கும். பருத்திப் புடவை, அதற்கு மேல் ஆய்வக வெள்ளைக் கோட்டு, காலில் ரப்பர் செருப்பு. மூக்கைச் சுருக்கினார்.

"கோயம்புத்தூர்க் கம்பெனி இலிஷ் மீனும் விற்குதா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். பக்கத்தில் நின்ற சௌரவ், அவரிடம் முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்பவர், சிரிப்பை அடக்கப் பார்த்துத் தோற்றார். திட்டு இவ்வளவு லேசாகத் தொடங்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

நான் என் கேள்விகளைத் தொடங்கினேன். திசுவை எந்தக் கரைசலில் சூடாக்கினீர்கள், ஆன்டிபாடியை எவ்வளவு நீர்க்க வைத்தீர்கள், எத்தனை முறை கழுவினீர்கள். சௌரவ் ஒவ்வொன்றுக்கும் பதில் வைத்திருந்தார். நான் சொல்லக்கூடிய எல்லா மாற்றங்களையும் அவர் ஏற்கெனவே செய்து பார்த்திருந்தார். கடைசியில் கேட்பதற்கு என்னிடம் கேள்வியே மிச்சமில்லை.

"உங்க கையாலயே செய்யுங்க," என்றார் பாரமிதா. "உங்க சிமிழ், உங்க முறை. நாங்க தொட மாட்டோம்."

அவர்கள் ஒரு நல்ல காரியம் செய்திருந்தார்கள். மனிதச் சிறுநீரகச் செல்களை வளர்த்து, அதில் ஒரு பங்கிலிருந்து, எங்கள் ஆன்டிபாடி தேடுகிற புரதத்துக்கான மரபணுவை வெட்டி எடுத்திருந்தார்கள். மரபணு போனால் அந்தப் புரதமும் இருக்காது. எங்கள் ஆன்டிபாடி அங்கே பிடிப்பதற்கு ஒன்றுமே இல்லை. இதே மாதிரிச் செல்கள் கோவையில் எங்களிடமும் உண்டு. ஆனால் நாங்கள் அவற்றை நசுக்கி, கொதிக்க வைத்து, புரதங்களை ஒரு தாளில் வரிசையாகப் பிரித்துப் பார்த்தோம். அந்தச் சோதனையில் எங்கள் ஆன்டிபாடி மாசு மறுவில்லாமல் தேறியது. இவர்களோ செல்களை ஃபார்மலினில் பதப்படுத்தி, மெழுகில் பதித்து, நோயாளியின் திசுவை எப்படி வெட்டுவார்களோ அப்படியே வெட்டி ஸ்லைடில் ஏற்றியிருந்தார்கள். கொதித்துப் பிரிந்த புரதமும் ஃபார்மலினில் இறுகிய புரதமும் ஆன்டிபாடிக்கு ஒன்றாகத் தெரிவதில்லை.

அன்று மாலைக்குள், புரதம் உள்ள செல்கள், இல்லாத செல்கள் என்று இரண்டு வகை ஸ்லைடுகளையும் தயார் செய்து, ஆன்டிபாடியை ஊற்றி, விடியும்வரை ஊறக் குளிர்பெட்டியில் வைத்துவிட்டு வந்தேன். எனக்கு இன்னும் நம்பிக்கை இருந்தது. என் கையில் தப்பு வராது என்கிற நம்பிக்கை.

காலையில் நிறம் ஏற்றினேன். புரதம் இருக்கிற செல்கள் அழகாகப் பழுப்பாயின. புரதம் இல்லாத செல்களும் அதே அழகில் பழுப்பாயின. மைக்ரோஸ்கோப்பில் ஸ்லைடை மாற்றி மாற்றி வைத்தேன். பெயர்ச்சீட்டை மறைத்துவிட்டு எது எது என்று கேட்டால் எனக்கே சொல்லத் தெரியாது.

பாரமிதாவும் பார்த்தார். வெற்றிச் சிரிப்பு எதுவும் இல்லை. "டீ குடிக்கலாம் வா," என்று என்னை வாசலுக்கு அழைத்துப் போனார். மண் குவளையில் டீ, காகிதப் பொட்டலத்தில் கடுகெண்ணெய் மணக்கும் பொரி. எங்கள் ஊர் டீக்கடையில் குடித்துவிட்டுக் கிளம்புவார்கள். இங்கே டீ என்பது உட்காருவதற்குச் சொல்லப்படும் காரணம். பெஞ்சில் இரண்டு பெரியவர்கள் உலக அரசியலை முடித்துவிட்டு உருளைக்கிழங்கின் தரத்துக்கு வந்திருந்தார்கள்.

"ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி இருக்கும்னு உங்க கம்பெனி விளம்பரம் சொல்லுது," என்றார் பாரமிதா. "உண்மைதான். ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி தப்பு."

எனக்குச் சுருக்கென்றது.

"உன்னைக் குத்திக் காட்டறதுக்காகக் கூப்பிடல. டாக்டர் நந்திதாங்கறவங்க இருக்காங்க, குழந்தைகளோட கிட்னி டாக்டர். ஒரு ஆராய்ச்சி ஆரம்பிக்கப் போறாங்க. நோயுள்ள குழந்தைங்க முதுகில ஊசி விட்டு எடுத்த பயாப்ஸித் துணுக்குகள், நூல் மாதிரி மெல்லிசா இருக்கும். அதுல சில துண்டுதான் வெட்ட முடியும். வெட்டித் தீர்ந்தா தீர்ந்தது. இன்னொரு தடவை குழந்தையைக் குத்த முடியாது. உங்க ஆன்டிபாடியைத்தான் தேர்ந்தெடுத்திருக்காங்க. அடுத்த வாரம் வெட்டப் போறாங்க. நாளைக்கு எங்க மாதக் கூட்டத்துக்கு வராங்க."

பொரிப் பொட்டலத்தை மடித்து வைத்துவிட்டு எழுந்தேன்.

முரளி சாருக்குப் போன் செய்தேன். நடந்ததைச் சொன்னேன்.

"சரிங்க. கோயமுத்தூர்ல நாமளும் ஒருக்கா செஞ்சு பாத்துரலாம். அதுவரைக்கும் யார்கிட்டயும் எதுவும் சொல்ல வேண்டாம்."

"நாளைக்கே சொல்லணும் சார். அடுத்த வாரம் வெட்டிருவாங்க."

"ஆராய்ஞ்சிட்டிருக்கோம்னு சொல்லுங்க. அது பொய்யில்லீங்களே?"

"அப்படிச் சொன்னா அவங்க வெட்டறதை நிறுத்த மாட்டாங்க சார். நான் நேர்ல பாத்துட்டேன். என் கையால செஞ்சது. திசுவுக்கு இது வேண்டாம்னு சொல்லத்தான் போறேன்."

"நித்யா, நமக்கு இருக்கறதே இந்த ஒரு பேருதான். கம்பெனி சார்பா நீங்க பேசக் கூடாதுன்னு நான் சொல்றேன்."

"அந்தப் பேருக்காகத்தான் சார்," என்றேன். போனை அவர்தான் வைத்தார்.

மாலையில் மழை விட்டிருந்தது. ஜெயந்தி அக்கா என்னை ஏரிக்கரைக்கு நடக்க அழைத்துப் போனாள். ரவீந்திர சரோவரில் படகு ஓட்டப் பயிற்சி நடந்துகொண்டிருந்தது. துடுப்புகள் ஒன்றாக விழ, கரையில் சைக்கிளில் ஒருவர் கத்திக்கொண்டே கூடப் போனார்.

"வேலை போயிடுமாடி?" என்றாள் அக்கா.

"போகலாம்."

"போனா இங்க வந்துடு. தியாவுக்குத் தமிழ் சொல்லிக் குடு." பிறகு சிரிப்பை விட்டுவிட்டு, "பயமா இருக்கா?" என்று கேட்டாள்.

யோசித்துப் பார்த்தேன். வீட்டுக் கடன், அம்மாவின் கவலை எல்லாம் நினைவுக்கு வந்தன. ஆனால் பயம் என்று சொல்லக்கூடியது எதுவும் இல்லை. அந்த ஸ்லைடைப் பார்க்காமல் இருந்தால்தான் பயம் இருந்திருக்கும். "இல்லக்கா. தெளிவா இருக்கு," என்றேன்.

கூட்டம் ஒரு சிறிய அறையில். சிங்காடா என்கிற சமோசா, டீ, இரைந்து சுற்றும் மின்விசிறி. பாரமிதா என் இரண்டு ஸ்லைடுகளின் படங்களையும் திரையில் போட்டார். யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. "இந்த ஆன்டிபாடியைத் தயாரிக்கிறவங்க இங்கயே இருக்காங்க," என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். எல்லாத் தலைகளும் திரும்பின.

எழுந்தேன். அந்தப் படங்களை எடுத்தது நான்தான் என்று சொன்னேன். நசுக்கிக் கொதிக்க வைத்த செல்களில் எங்கள் ஆன்டிபாடி சரியாக வேலை செய்கிறது, பதப்படுத்திய திசுவில் செய்யவில்லை, இரண்டுக்கும் ஆகும் என்று சிமிழோடு நாங்கள் அனுப்பும் விவரச் சீட்டில் போட்டிருப்பது தவறு என்றேன். திசுவில் எதிர்பார்த்த இடத்தில் நிறம் வந்ததைப் பார்த்துத் தேறியதாக எடுத்துக்கொண்டிருக்கிறோம். வரக் கூடாத இடத்தில் வருகிறதா என்று பார்க்கவில்லை. இதைச் சொல்ல எனக்கு நிறுவனத்தின் அனுமதி கிடைக்கவில்லை என்பதையும் சொன்னேன்.

பின்வரிசையிலிருந்து ஒரு பெண்மணி எழுந்தார். கழுத்தில் ஸ்டெதாஸ்கோப்பைக் கழற்ற மறந்து வந்திருந்தார்.

"நான் நந்திதா. விளக்கம் எல்லாம் அப்புறம். என் குழந்தைகளோட பயாப்ஸியை நான் வெட்டலாமா, வேண்டாமா?"

"வேண்டாம்," என்றேன்.

"எதுவரைக்கும்?"

"இதே சோதனையில தேறின ஒண்ணு கிடைக்கிற வரைக்கும்."

அவருக்குக் கோபம் வந்தது தெரிந்தது. எவ்வளவோ காலம் காத்திருந்து தொடங்கப் போன வேலை. நோட்டை மூடி, நிமிர்ந்து, "சரி, வெட்டல," என்று சொல்லிவிட்டு வார்டுக்குப் போய்விட்டார். கை தட்டல் எதுவும் இல்லை.

கூட்டம் கலைந்ததும் பாரமிதா என் கையில் ஒரு சிங்காடாவைத் திணித்தார். "ஒண்ணு கேக்கறேன். இந்தப் புரதத்துக்கு இந்த ஒரு ஆன்டிபாடியை மட்டுமா செஞ்சீங்க? போட்டிக்கு வேற இருந்திருக்குமே?"

"இருந்தது. பன்னிரண்டு பதின்மூணு. கொதிக்க வைச்ச செல்கள்ல இதுதான் பளிச்சுன்னு வந்தது. மத்ததைக் கழிச்சிட்டோம்."

"தூக்கிப் போட்டாச்சா?"

"இல்ல, உறைபெட்டியில இருக்கு."

"கொதிச்ச புரதத்துல தோத்ததுங்கற ஒரே காரணத்துக்காகத் தள்ளி வெச்சிருக்கீங்க. அதுல ஒண்ணு பதப்படுத்தின திசுவை நல்லாப் படிக்கத் தெரிஞ்சதா இருக்கலாம் இல்லையா? அனுப்பு. சௌரவ் பாப்பான்."

நான் அந்த இடத்திலேயே சிரித்துவிட்டேன். கோவையில் உட்கார்ந்து இது எனக்குத் தோன்றவே இல்லை.

திரும்பும் நாளில் விமான நிலையத்துக்குப் போகும் வழியில் டாக்ஸி பஞ்சர். டிரைவர் டயர் மாற்றும்போது நான் குடை பிடித்தேன். என் பயணத்தைப் பற்றி விசாரித்தார். என் இந்தியும் அவர் இந்தியும் நடுவழியில் எங்கோ சந்தித்தன. "சொந்தச் சரக்கு சரியில்லைன்னு சொல்லவா இவ்வளவு தூரம் வந்தீங்க?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். ஆமாம் என்றதும், போல்ட்டை முறுக்கியபடியே, தன் வண்டியின் ஸ்டெப்னி டயரைப் பற்றித் தானும் ஒன்று சொல்ல வேண்டும் என்றார். எப்படியோ விமான நிலையம்வரை அது தாங்கியது.

கோவையில் முரளி சார் இரண்டு நாள் என்னிடம் பேசவில்லை. மூன்றாம் நாள் பரிசோதனை அறைக்கு வந்தார். நாங்களும் செல்களை மெழுகில் பதித்து வெட்டி நிறம் ஏற்றியிருந்தோம். மைக்ரோஸ்கோப்பில் குனிந்து இரண்டு ஸ்லைடுகளையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்; இரண்டும் ஒரே பழுப்பு.

"சீட்டுல என்ன போடணும்னு எழுதிக் குடுங்க," என்றார். "வாங்கினவங்க எல்லாருக்கும் தபால் போகட்டும். நான் கையெழுத்துப் போடறேன்." வாசல்வரை போய்த் திரும்பினார். "அடுத்த தடவை நான் வேண்டாம்னு சொன்னாலும் இப்படித்தான் பேசுவீங்களா?"

"ஆமாங்க சார்."

"சரி, கழிச்சு வெச்சதை எல்லாம் கல்கத்தாவுக்கு அனுப்பி விடுங்க."

அனுப்பினேன். ஒவ்வொன்றாகத் தோற்றுக்கொண்டே வந்தது. சௌரவ் அனுப்பும் படங்களில் இரண்டு பக்கமும் பழுப்பு, அல்லது இரண்டு பக்கமும் ஒன்றுமில்லை. ஒரு நாள் மதியம், சாப்பாட்டு டப்பாவைத் திறந்தபோது, ஒரு படம் வந்தது. புரதம் உள்ள பக்கம் பழுப்பு. மறு பக்கம் கழுவி விட்டதுபோல வெறும் வெளிர்நீலச் செல்கள், ஒரு புள்ளி கூட இல்லை. பாரமிதா மறுபடியும் செய்யச் சொன்னார், நாங்கள் இங்கே செய்தோம், இன்னோர் ஊரில் முன்பின் தெரியாத ஓர் ஆய்வகத்திலும் செய்து பார்க்கச் சொன்னோம். மூன்று இடத்திலும் அந்தப் பக்கம் வெறுமையாகவே இருந்தது.

புதிய சீட்டில் இது எதற்கு ஆகும் என்பதோடு எதற்கு ஆகாது என்பதையும் அச்சடித்தோம். நசுக்கிக் கொதிக்க வைத்த செல்களுக்கு இது ஆகாது. அதற்குப் பழையதையே வாங்கிக்கொள்ளுங்கள் என்று போட்டோம்.

குளிர்காலம் தொடங்கியபோது டாக்டர் நந்திதாவிடமிருந்து ஒரு வரிச் செய்தி வந்தது: "இன்று முதல் துணுக்கை வெட்டினோம்." நான் எழுந்து முரளி சாரின் அறைக்குப் போய் போனை அவர் மேஜையில் வைத்தேன். கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு வாசித்தார். பிறகு எதிர் நாற்காலியைக் காட்டி உட்காரச் சொல்லிவிட்டு, வெளியே எட்டிப் பார்த்து இரண்டு காபிக்குக் குரல் கொடுத்தார்.